4,500 மீட்டர் கிணற்றுக்கு எந்த டிரில் ஸ்டிரிங்: கிரேடா, தடிமனா, விட்டமா?

எண்ணெய்க்கோ எரிவாயுவுக்கோ துளையிடும் ஆழமான கிணற்றுக்கு டிரில் பைப் (பிட்டைச் சுழற்றி, சேற்றைக் கீழே அனுப்பும் எஃகுக் குழாய்) தேர்வு செய்யும்போது, "எஸ்-135 போட்டுவிட்டால் கவலை இல்லை" என்ற பதில்தான் பெரும்பாலும் முதலில் வருகிறது. சந்தையில் வழக்கமாகக் கிடைக்கும் நான்கு கிரேடுகளில் (பெயரில் உள்ள எண், யீல்டு வலிமையை ஆயிரம் பிஎஸ்ஐ அளவில் சொல்கிறது) அதுவே வலுவானது என்பதால் இந்தப் பதில் பாதுகாப்பானதாகவும் தோன்றுகிறது. ஆனால் கிரேடை உயர்த்தும்போது குழாயில் உயர்வது யீல்டு வலிமை, அதாவது எஃகு நிரந்தரமாக நீளத் தொடங்கும் தகைவு, ஒன்றுதான். குழாயின் எடை குறைவதில்லை, விறைப்பு கூடுவதில்லை, வளைவில் சுழலும்போது அதன் சுவரில் எழும் தகைவு மாறுவதில்லை. அழுத்தத்தில் நெளிந்துபோகும் எல்லையும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஆகவே குழாயை எந்தச் சுமை உடைக்கப் போகிறது என்று முதலில் கண்டறிந்து, அந்தச் சுமைக்கு மருந்து கிரேடிலா, சுவர்த் தடிமனிலா, விட்டத்திலா, உலோகத்திலா இருக்கிறது என்று பிறகு தீர்மானிப்பதே சரியான வரிசை என்பது என் உறுதியான கருத்து.

கணக்கிட்டுப் பார்க்க ஓர் எடுத்துக்காட்டுக் கிணற்றை எடுத்துக்கொள்வோம். ஏறத்தாழச் செங்குத்தான, 4,500 மீட்டர் ஆழமுள்ள கிணறு; கடைசிப் பகுதி 8½ அங்குலத் துளை; துளைக்குள் சுற்றிவரும் துளையிடும் திரவமான சேற்றின் ஒப்படர்த்தி (நீரோடு ஒப்பிட்ட அடர்த்தி) 1.44. பாறையை வெட்டும் பிட்டுக்கு மேலே 180 மீட்டர் 6½ அங்குல டிரில் காலர் என்ற கனமான தடித்த குழாய், அதற்கு மேலே 180 மீட்டர் 5 அங்குல ஹெவி வெயிட் பைப், மீதி 4,140 மீட்டரும் 5 அங்குல, அடிக்கு 19.5 பவுண்டு டிரில் பைப். நம் நாட்டு ரிக்குகளில் ஆழம் மீட்டரிலும், எடை டன்னிலும், விட்டம் அங்குலத்திலும், முறுக்கு அடி-பவுண்டிலும் பேசப்படுவதால் இங்கும் அப்படியே எழுதுகிறேன்.

இழுவிசையிலிருந்து தொடங்குவோம். காலர் மீட்டருக்குச் சுமார் 137 கிலோ, ஹெவி வெயிட் 73 கிலோ, முனை இணைப்பான டூல் ஜாயின்டும் சேர்த்து ஜி-105 டிரில் பைப் 32.6 கிலோ என்று கொண்டால், காற்றில் மொத்த எடை 173 டன் வரும். சேறு மேலே தாங்குவதால் இதை 0.817 ஆல் பெருக்க வேண்டும். ஹூக்கில் தொங்குவது 141 டன். இனி குழாயின் தாங்குதிறன். ரிக்கில் ஓடிக்கொண்டிருக்கும் பைப்பைப் புதிய குழாயாக எண்ணி வடிவமைக்கக் கூடாது. வெளிப்புறம் தேய்ந்து, சுவரில் குறைந்தது 80 சதவீதம் மிஞ்சியிருக்கும் பிரீமியம் வகுப்பாகவே கொள்ள வேண்டும். அந்த வகுப்பில் 5 அங்குல ஜி-105 குழாய் 436,150 பவுண்டு, அதாவது 198 டன் இழுவிசையில் யீல்டு ஆகும். எஸ்-135 குழாய் 560,764 பவுண்டு, அதாவது 254 டன் வரை போகும். இந்த எண்ணிலும் 90 சதவீதத்தை மட்டுமே பயன்படுத்துவது வழக்கம். அப்படிப் பார்த்தால் ஜி-105க்கு 178 டன், எஸ்-135க்கு 229 டன் கிடைக்கிறது.

அனுமதிக்கப்பட்ட இழுவிசைக்கும் தொங்கும் எடைக்கும் உள்ள இடைவெளிதான் ஓவர்புல் இருப்பு. ஸ்டிரிங் சிக்கிக்கொண்டால் எடைக்கு மேல் எவ்வளவு கூடுதலாக இழுக்கலாம் என்பதை அதுதான் சொல்கிறது. ஜி-105 முழுவதுமாகப் போட்டால் 37 டன் மிஞ்சும். எஸ்-135இன் டூல் ஜாயின்ட் சற்றுக் கனமானது என்பதால் தொங்கும் எடை 145 டன்னாக உயர்ந்தாலும், 84 டன் மிஞ்சும். பொதுவாக 50,000 முதல் 100,000 பவுண்டு வரை, அதாவது 23 முதல் 45 டன் வரை இந்த இருப்பைக் கேட்பார்கள். ஜி-105 அந்த வரம்பின் நடுவில் நிற்கிறது: தளர்வான களிமண் அடுக்குகளும் அழுத்தம் இறங்கிய மணற்பாறைகளும் இல்லாத கிணற்றுக்குப் போதும், சிக்கல் வரும் என்று தெரிந்த கிணற்றுக்குப் போதாது.

இந்தக் கணக்கோடு நிறுத்திக்கொள்பவர்கள் ஸ்லிப்பை மறந்துவிடுகிறார்கள். ரோட்டரி மேசையில் ஸ்லிப் வைத்துக் குழாயைத் தொங்கவிடும்போது, ஆப்பு வடிவம் காரணமாக ஸ்லிப் குழாயைச் சுற்றிலும் நசுக்குகிறது. நேர் இழுவிசையோடு இந்தப் பக்கவாட்டு அழுத்தமும் சேர்வதால், வெறும் இழுவிசையில் தாங்கக்கூடிய எடையை ஸ்லிப்பில் குழாய் தாங்காது. 5 அங்குலக் குழாய்க்கும் 16 அங்குல நீள ஸ்லிப்புக்கும், உராய்வுக் குணகம் 0.08 எனக் கொண்டால், பெருக்க வேண்டிய எண் 1.42. நம் 141 டன் அப்போது 200 டன்னுக்குச் சமமாகிறது. ஜி-105 பிரீமியத்தின் யீல்டு 198 டன். அதாவது ஓவர்புல்லில் தேறிய அதே குழாய், ஸ்டிரிங் அடியில் இருக்கும் நிலையில் அமைதியாக ஸ்லிப்பில் தொங்கும்போதே எல்லையைத் தாண்டிவிடுகிறது. ஸ்லிப்பின் பற்கள் தேய்ந்திருந்தாலோ, ஆப்பு சரியாக உட்காராமல் ஒரு பக்கம் மட்டும் கடித்தாலோ நிலைமை இன்னும் மோசமாகும். கழுத்துச் சுருங்கிய குழாயை ஆய்வில் கண்டால் காரணம் பெரும்பாலும் இங்கேதான் இருக்கும். முழு ஜி-105 ஸ்டிரிங் இந்தக் கிணற்றுக்கு ஆகாது என்று முடிவு செய்ய எனக்கு இந்த ஒரு கணக்கே போதும்.

அப்படியானால் எஸ்-135தானே விடை என்று தோன்றும். அடுத்து வருவது முறுக்குவிசை. பிரீமியம் வகுப்பில் ஜி-105 குழாயின் முறுக்கு எல்லை 45,199 அடி-பவுண்டு, எஸ்-135க்கு 58,113. ஆனால் முறுக்கைக் கடத்துவது குழாயின் உடல் மட்டும் அன்று. ஒவ்வொரு குழாயின் முனையிலும் பற்றவைக்கப்படும் டூல் ஜாயின்ட், கிரேடு எதுவானாலும் 120,000 பிஎஸ்ஐ யீல்டு உள்ள ஒரே எஃகால் செய்யப்படுகிறது. 135,000 பிஎஸ்ஐ குழாயோடு 120,000 பிஎஸ்ஐ மூட்டு இணைய வேண்டுமானால், மூட்டில் உலோகத்தைக் கூட்டியாக வேண்டும். வெளிவிட்டம் 6⅝ அங்குலத்தில் நிற்பதால் அந்த உலோகம் உட்துளையிலிருந்துதான் வர முடியும். என்சி-50 என்ற திருகு இணைப்பு வகையில் ஜி-105 மூட்டின் உட்துளை 3¼ அங்குலம், எஸ்-135இல் 2¾ அங்குலம். பம்பு அனுப்பும் சேறு சுமார் 450 இடங்களில் இந்தக் குறுகலைக் கடக்க வேண்டும். அளவைக் கருவிகளை உள்ளே இறக்கும்போதும் இந்த 2¾ அங்குலம்தான் வரம்பு. மேலும் மூட்டை இறுக்குவது அதன் முறுக்கு எல்லையில் 60 சதவீதத்துக்கு மட்டுமே. துளையிடும்போது அந்த அளவை மீறினால் கீழே மூட்டு தானாகவே மேலும் இறுகத் தொடங்கும். ஆகவே கையில் இருக்கும் முறுக்கு வரம்பு, குழாய் அட்டவணையில் தெரியும் எண்ணைவிட நன்றாகவே கீழே இருக்கிறது.

செங்குத்தான நம் கிணற்றில் முறுக்கு பெரிய தலைவலி இல்லை. பக்கவாட்டில் நீளும் கிணறுகளில் அதுவே முதலாளி. ரஷ்யாவின் சாகலின் தீவில் 2011இல் முடிக்கப்பட்ட ஓடாப்டு ஓபி-11 கிணற்றின் மொத்த நீளம் 12,345 மீட்டர், அதில் கிடைத்தள எட்டம் மட்டும் 11,475 மீட்டர். இத்தகைய கிணற்றில் ஸ்டிரிங்கின் எடையில் பெரும்பகுதி துளையின் அடிப்பக்கச் சுவரில் கிடக்கிறது. ஹூக்கில் தொங்கும் எடை கவலை தருவதில்லை, சுழற்றும்போது எழும் உராய்வுதான் எல்லையைத் தீர்மானிக்கிறது. அங்கே உயர் கிரேடும் கூடுதல் முறுக்கைத் தாங்கும் இரட்டைத் தோள் இணைப்புகளும் செலவுக்குத் தகுந்த பயன் தரும்.

இந்தத் தேர்வில் மிக அதிகமாகப் புறக்கணிக்கப்படுவது உலோக அயர்வு. குழாய்கள் ஒரே இழுப்பில் அறுந்துபோவது அரிது. வளைந்த இடத்தில் ஆயிரக்கணக்கான முறை சுழன்று, உள்ளே விரிசல் விட்டு, அந்த விரிசல் வழியே சேறு பீறிட்டு வாஷ் அவுட் ஆகி, கவனிக்காவிட்டால் முறிந்து கீழே விழுவதே வழக்கமான கதை. கிணறு ஒரு டாக்லெக்கில், அதாவது திசை சட்டெனத் திரும்பும் கோணலில், வளைந்திருந்தால், குழாய் ஒருமுறை சுழலும்போது அதன் சுவரின் ஒவ்வொரு புள்ளியும் ஒருமுறை இழுபட்டு ஒருமுறை அழுந்துகிறது. நிமிடத்துக்கு 120 சுற்று என்றால் ஒரு நாளில் 172,800 சுழற்சிகள். ஆறு நாளுக்குள் பத்து லட்சத்தைத் தாண்டிவிடும்.

எண்ணில் பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். 30 மீட்டருக்கு 3 பாகை என்ற டாக்லெக்கில் 5 அங்குலக் குழாய் சீராக வளைந்தால், அதன் வெளிச்சுவரில் எழும் வளைவுத் தகைவு சுமார் 23 மெகாபாஸ்கல்தான். இது அற்பமான எண். ஆனால் குழாய் சீராக வளைவதில்லை. துளைச் சுவரைத் தொடுவது டூல் ஜாயின்டுகள் மட்டுமே. இடையில் உள்ள குழாய் இழுவிசையால் நேராக்கப்பட்டு, வளைவு முழுவதும் மூட்டுக்கு அருகில் குவிகிறது. ஆர்தர் லூபின்ஸ்கி 1961இல் இதற்கான கணக்கை வகுத்துக் காட்டினார். அதன்படி அந்த டாக்லெக்குக்குக் கீழே 30 டன் தொங்கினால் மூட்டருகே தகைவு சுமார் 50 மெகாபாஸ்கல். 100 டன் தொங்கினால் 90க்கும் மேல். நம் கிணற்றில் 900 மீட்டர் ஆழத்தில் ஒரு கோணல் விழுந்தால், அடியை எட்டும் நேரத்தில் அதன் கீழே 100 டன்னுக்கு மேல் தொங்கிக்கொண்டிருக்கும். அதே கோணல் 3,800 மீட்டரில் விழுந்தால் சுமார் 40 டன்தான். ஆகவே மேல் பகுதியில் விழும் சிறு கோணல் கீழே விழும் பெரிய கோணலைவிடக் கொடியது. "மேலே இருக்கும் மென்பாறைதானே, வேகமாகப் போய்விடலாம்" என்று முதல் ஆயிரம் மீட்டரை அவசரமாகத் துளைப்பதன் விலையைக் கடைசி ஆயிரம் மீட்டரில் கட்ட நேர்கிறது.

இந்தக் கணக்கில் யீல்டு வலிமை எங்கும் நுழையவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். வளைவுத் தகைவு விட்டத்தையும், எஃகின் மீள்மைக் குணகத்தையும், கோணலையும், இழுவிசையையும் மட்டுமே சார்ந்தது. எல்லா எஃகுக் கிரேடுகளுக்கும் மீள்மைக் குணகம் ஒன்றே. உலர்ந்த காற்றில் சோதித்தால் உயர் கிரேடு எஃகு அயர்வைக் கூடுதலாகத் தாங்கும் என்பது உண்மை. உப்பும் ஆக்சிஜனும் கலந்த சேற்றில், அரிப்பும் அயர்வும் கைகோக்கும்போது, அந்த மேன்மையில் பெரும்பகுதி கரைந்துவிடுகிறது. அரிப்புக் குழி ஒன்றின் அடியில் தொடங்கும் விரிசலுக்கு மேலே முத்திரையிட்ட எழுத்து ஜி-யா எஸ்-ஸா என்பது பொருட்டில்லை. அயர்வுக்கு மருந்து வேறு: கோணலைக் குறைப்பது, குழாயின் உட்பூச்சைப் பேணுவது, சேற்றின் அரிப்புத் தன்மையைக் கட்டுப்படுத்துவது, ஸ்டிரிங்கை வெளியே எடுத்து மீண்டும் இறக்கும் ஒவ்வொரு ட்ரிப்பிலும் மூட்டுகளின் இடம் மாறும்படி பார்த்துக்கொள்வது.

நெளிவுக்கும் இதே பதில்தான். பிட்டின் மேல் வைக்கும் எடையை டிரில் பைப்பிலிருந்து எடுக்காமல் காலரிலிருந்து எடுப்பதே செங்குத்துக் கிணற்றின் அடிப்படை விதி. நம் காலர்களின் எடை சேற்றில் 20 டன். அதில் 85 சதவீதம் என்று கொண்டால் 17 டன் வரை பிட்டுக்குக் கொடுக்கலாம், செயற்கை வைரப் பற்கள் கொண்ட 8½ அங்குல பிடிசி பிட்டுக்கு இது தாராளம். கிடைக்கிணறு என்றால் கதை வேறு: டாசனும் பாஸ்லியும் 1984இல் தந்த சூத்திரப்படி, கிடையாகக் கிடக்கும் 5 அங்குலக் குழாய் 8½ அங்குலத் துளையில் சுமார் 23 டன் அழுத்தம் வரை நெளியாமல் தாங்கும், ஏனெனில் துளையின் அடிச்சுவரே அதைத் தொட்டிலிட்டு நேராக வைத்திருக்கிறது. இந்தச் சூத்திரத்திலும் கிரேடுக்கு இடமில்லை.

இனி கிரேடை விட்டு மற்ற வழிகள். 5½ அங்குல, 21.9 பவுண்டுக் குழாய் பலருக்கு விருப்பமானது. அதன் உள்விட்டம் 4.778 அங்குலம், 5 அங்குலக் குழாயின் 4.276உடன் ஒப்பிட்டால், ஒரே ஓட்டத்துக்குக் குழாய் உடலுக்குள் ஏற்படும் அழுத்த இழப்பு ஏறத்தாழ 40 சதவீதம் குறையும். பம்பு அழுத்தம் உச்சத்தில் நிற்கும் ரிக்குக்கு இது பெரிய வரம். ஆனால் வழக்கமான இணைப்பில் அதன் டூல் ஜாயின்ட் விட்டம் 7¼ முதல் 7½ அங்குலம் வரை போகிறது. 8½ அங்குலத் துளையில் இருபுறமும் அரை அங்குலம் மட்டுமே மிஞ்சும் நிலையில் குழாய் முறிந்தால், மேலிருந்து போர்த்திப் பிடிக்கும் ஓவர்ஷாட் இறங்க இடமிருக்காது. மீட்க வழியில்லாத ஒன்றைத் துளைக்குள் இறக்குவதை நான் ஏற்பதில்லை. 12¼ அங்குலப் பகுதிக்கு 5½ அங்குலம், கடைசிப் பகுதிக்கு 5 அங்குலம் என்று இரண்டு ஸ்டிரிங் வைத்துக்கொள்ள இடமும் பணமும் உள்ள ரிக்குக்கு இந்தத் தயக்கம் பொருந்தாது.

அலுமினியக் குழாய் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் உலகின் மிக ஆழமான துளை அதைக் கொண்டே போடப்பட்டது. ரஷ்யாவின் கோலா தீபகற்பத்தில் 1970 மே மாதம் தொடங்கிய எஸ்ஜி-3 துளை 1989இல் 12,262 மீட்டரை எட்டியது. ஏன் அலுமினியம் என்பதை ஒரு சிறு கணக்கு சொல்லிவிடும். மூட்டுகளைக் கணக்கில் சேர்க்காமல், 1.44 ஒப்படர்த்திச் சேற்றில் ஒரு குழாய் தன் எடையாலேயே எத்தனை நீளத்தில் யீல்டு ஆகும் என்று பார்த்தால், இ-75 எஃகு சுமார் 8,200 மீட்டர், ஜி-105 சுமார் 11,500, எஸ்-135 சுமார் 14,800; 325 மெகாபாஸ்கல் யீல்டு மட்டுமே உள்ள டி-16டி வகை அலுமினியக் கலவை சுமார் 24,700. வலிமை குறைவு, ஆனால் சேற்றில் மிதந்து எடை அவ்வளவு இறங்கிவிடுகிறது. இருந்தும் 1984இல், 12,000 மீட்டரைத் தாண்டிய நிலையில், ஸ்டிரிங் முறிந்து ஐந்து கிலோமீட்டர் நீளக் குழாய் துளைக்குள் தங்கிவிட்டது. சுமார் 7,000 மீட்டரிலிருந்து பக்கவாட்டில் மீண்டும் துளைக்க வேண்டியிருந்தது. அங்கே அடியில் வெப்பநிலை 180 பாகை செல்சியஸ். அலுமினியம் 150 பாகையைத் தாண்டினால் வலிமையை வேகமாக இழக்கிறது. காரத்தன்மை மிகுந்த சேற்றில் அரிக்கப்படுகிறது. எஃகில் மூன்றில் ஒரு பங்கு மீள்மைக் குணகமே இருப்பதால் எளிதில் நெளிகிறது. 4,500 மீட்டர் கிணற்றில் எடை இன்னும் அந்த அளவுக்கு எதிரியாகவில்லை. அலுமினியத்துக்கு இங்கே வேலையில்லை.

மிஞ்சுவது கலப்பு ஸ்டிரிங். மேலே 1,500 மீட்டர் எஸ்-135, அதற்குக் கீழே 2,640 மீட்டர் ஜி-105. இப்போது ஜி-105இன் உச்சியில் தொங்குவது 101 டன் மட்டுமே. அங்கே 77 டன் ஓவர்புல் மிஞ்சுகிறது. எஸ்-135இன் உச்சியில் 142 டன் தொங்க, 87 டன் மிஞ்சுகிறது. ஸ்லிப் கணக்கு 202 டன், எல்லை 254. குறுகிய 2¾ அங்குல மூட்டுகள் 450க்குப் பதிலாக 160 அளவில் நின்றுவிடும். இழுவிசையும் முறுக்கும் உச்சமாகும் இடத்தில் வலுவான குழாய் இருக்கிறது.

இதன் பலவீனம் முழுவதும் மனிதக் கையில் இருக்கிறது. இரண்டு கிரேடும் ஒரே 5 அங்குலம், ஒரே என்சி-50, ஒரே துரு நிறம். டெரிக்கில் (ரிக்கின் கோபுரத்தில்) அடுக்கும்போது ஸ்டாண்டுகள் (இணைத்தபடியே நிறுத்திய குழாய்த் தொகுதிகள்) கலந்துவிட்டால், கணக்கிட்ட ஸ்டிரிங் ஒன்று, துளைக்குள் இருப்பது வேறொன்று. ‘பின்’ (ஆண் திருகு உள்ள முனை) பக்க டூல் ஜாயின்டில் வெட்டப்பட்டிருக்கும் பள்ளத்தையும் பொறித்த எழுத்தையும் ஒவ்வொரு குழாயிலும் கிரீஸைத் துடைத்துப் பார்த்து, பைப் டேலி என்ற குழாய்க் கணக்குப் பட்டியலில் வரிசையோடு எழுதி, இரு கிரேடுகளையும் டெரிக்கின் எதிரெதிர்ப் பக்கங்களில் அடுக்க வேண்டும். இறுக்கும் முறுக்கும் இரண்டுக்கும் வேறு என்பதால், மாறும் இடத்தில் டிரில்லரின் திரைக்கருகே எண் எழுதி ஒட்டப்பட்டிருக்க வேண்டும். இரண்டும் சேரும் அந்த ஒரு மூட்டுக்கு ஜி-105இன் எண்ணே பொருந்தும்.

ஹைட்ரஜன் சல்ஃபைடு இல்லாத கிணறு, நிதானமாக வேலை செய்யும் குழு, இரண்டு கிரேடும் கையிருப்பில் உள்ள ரிக் என்றால் நான் இந்தக் கலப்பையே தேர்ந்தெடுப்பேன். குழு புதியது, ட்ரிப்புகள் அவசரமாக நடக்கும் என்றால் முழு எஸ்-135 போடுவேன். அட்டவணையில் அது மேலானது என்பதற்காக இல்லை, தவறாக அடுக்க வழியே இல்லை என்பதற்காக.

பாறையில் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு எதிர்பார்க்கப்பட்டால் இந்த முடிவு முழுவதும் தலைகீழாகும். அந்த வாயு எஃகின் மேற்பரப்பில் வினைபுரிந்து விடுவிக்கும் ஹைட்ரஜன் உள்ளே நுழைந்து, கடினமான எஃகை முன்னறிவிப்பின்றி உடையச் செய்கிறது. யீல்டு உயர உயர ஆபத்தும் உயர்கிறது. யீல்டு எல்லைக்கு வெகு கீழான இழுவிசையிலேயே எஸ்-135 முறியக்கூடும். அங்கே வேண்டிய வலுவைக் கிரேடில் தேடாமல் சுவரில் தேட வேண்டும். மேல் 1,500 மீட்டருக்கு அடிக்கு 25.6 பவுண்டு, சுவர் அரை அங்குலம் உள்ள 5 அங்குலக் குழாயை 105,000 பிஎஸ்ஐ தரத்தில் போட்டால், பிரீமியம் வகுப்பில் அது 580,566 பவுண்டு, அதாவது 263 டன் தாங்கும். எஸ்-135ஐவிடச் சற்று அதிகமே. தொங்கும் எடை 153 டன்னாக உயர்ந்தாலும் 84 டன் ஓவர்புல் மிஞ்சுகிறது. உள்விட்டம் 4 அங்குலமாகக் குறைவதால் அந்த 1,500 மீட்டரில் அழுத்த இழப்பு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடும். அதைப் பம்பு தாங்குமா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும். சாதாரண ஜி-105ஐயும் இங்கே நம்பக் கூடாது. கடினத்தன்மைக்கு வரம்பு கட்டி, சல்ஃபைடு சூழலுக்கென்றே தயாரிக்கப்படும் 95,000, 105,000 தரக் குழாய்கள் தனியே கிடைக்கின்றன. மேல்பகுதிக்கு மட்டும் அவற்றை வாங்கிவிட்டுக் கீழே பழைய ஜி-105ஐ விட்டுவைப்பதிலும் பயனில்லை, ஏனெனில் வாயு முதலில் தொடுவது கீழே இருக்கும் குழாயைத்தான்.